ஆய்வு எதை அளந்தது? மருத்துவ, சமூக ஆய்வு முடிவுகளைப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

2023 ஆகஸ்டில் ஒரு செய்தி பரவலாக வந்தது. காசநோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்தால், அவர்களுக்குக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைகிறது என்பது செய்தி. ஜார்க்கண்டில் நடந்த ‘ரேஷன்ஸ்’ என்ற ஆய்வின் முடிவு அது. லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியானது. சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு.

இப்படி ஒரு செய்தியைப் படித்ததும் நம் கண் நேராக அந்த 40-இல் போய் நிற்கும். எவ்வளவு குறைந்தது என்பது இரண்டாவது கேள்வி. எது குறைந்தது, அதை யார், எப்போது, எப்படி எண்ணினார்கள் என்பதுதான் முதல் கேள்வி. இதற்குப் பதில் தெரியாதவரைக்கும் 40 வெறும் எண்தான்.

இதை அறிய மருத்துவராகவோ புள்ளியியல் படித்தவராகவோ இருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடக் கணக்கும் கொஞ்சம் பொறுமையும் போதும். ரேஷன்ஸ் ஆய்வையே கையில் வைத்துக்கொண்டு, தேவைப்படும் இடங்களில் வேறு ஆய்வுகளையும் இழுத்துக்கொண்டு, படிப்படியாகப் போவோம்.

படி 1: செய்தியை மூடுங்கள், சுருக்கத்தைத் திறங்கள்

ஆய்வுக் கட்டுரை முழுவதும் படிக்கக் காசு கேட்பார்கள். ஆனால் அதன் சுருக்கம் பெரும்பாலும் இலவசம். மருத்துவ ஆய்வுகளின் சுருக்கங்களைத் திரட்டி வைத்திருக்கும் பப்மெட் தளத்தில் ஆய்வின் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைத்துவிடும். ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: யாரிடம் ஆய்வு செய்தார்கள், அவர்களுக்கு என்ன கொடுத்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், கடைசியில் எதை அளந்தார்கள்.

ரேஷன்ஸில், ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2,800 காசநோயாளிகளின் வீடுகளைச் சேர்ந்த 10,345 பேர் பங்கேற்றார்கள். அவர்களில் ஒரு குழுவுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ துவரம்பருப்பு, கூடவே சத்து மாத்திரை. எதோடு ஒப்பிட்டார்கள்? செய்திகளில் பெரும்பாலும் விட்டுப்போகும் இடம் இது. இரண்டு குழுவிலும் நோயாளிக்கு உணவுப் பை உண்டு. நோயாளியின் வீட்டாருக்கும் கொடுத்தார்களா என்பதில்தான் வித்தியாசம். அதனால் ‘நோயாளிக்குச் சத்துணவு கொடுத்தால் 40 சதவீதம் பரவல் குறையும்’ என்று யாராவது எழுதினால் அது தவறு. அதை இந்த ஆய்வு ஒப்பிடவே இல்லை.

படி 2: முதன்மை விளைவைக் கண்டுபிடியுங்கள்

ஓர் ஆய்வில் இருபது முப்பது விஷயங்களை அளப்பார்கள். அவற்றில் ஒன்றை மட்டும், சில சமயம் இரண்டை, ‘இதை வைத்துத்தான் எங்கள் ஆய்வை எடைபோட வேண்டும்’ என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். அதுதான் முதன்மை விளைவு. சுருக்கத்தில் ‘பிரைமரி அவுட்கம்’ அல்லது ‘பிரைமரி எண்ட்பாயிண்ட்’ என்றிருக்கும். மற்றவை துணை விளைவுகள்.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. 1956-இல் மெட்ராஸில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டு நிறுவனத்தின் பழைய பெயர் அது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கையில் ஓய்வு, தாதிகளின் கவனிப்பு. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் சானடோரியப் படுக்கைகள் எந்த மூலைக்கு? அதனால் 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பேர் சானடோரியத்துக்குப் போனார்கள். மறுபாதிப் பேர் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே இருந்தபடி மாத்திரை சாப்பிட்டார்கள். இரு பக்கமும் அதே மருந்து, ஒரு வருடம்.

1959-இல் முடிவு வெளியானது. உடல் எடையைப் பார்த்தால் சானடோரியம்தான் ஜெயித்தது. அங்கே இருந்தவர்களுக்கு எடை நன்றாகவே கூடியிருந்தது. ஆனால் அந்த ஆய்வு தன்னை எடைபோடச் சொன்னது சளியில் கிருமி இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து. அதில் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. இவ்வளவு குறைவான பேரை வைத்துப் பார்த்த ஆய்வில் அது பெரிய வித்தியாசம் இல்லை. இன்னொன்றையும் அளந்தார்கள்: நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு நோய் தொற்றியதா? வீட்டுச் சிகிச்சையால் அது கூடவில்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டு வீட்டுச் சிகிச்சை வழக்கமானதற்கு இந்த முடிவு ஒரு முக்கியக் காரணம். எடையையே முதன்மை விளைவாக வைத்திருந்தால், அதே நோயாளிகள், அதே மருந்து, அதே வருடம், ஆனால் முடிவு நேர்மாறாக வந்திருக்கும்.

முதன்மை விளைவைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அதன் வரையறையையும் பாருங்கள். 2020-இல் ஃபைசர் கொரோனா தடுப்பூசிக்கு 95 சதவீதம் செயல்திறன் என்றார்கள். சுமார் 43,000 பேரில், ஊசி போட்டவர்களில் 8 பேருக்கும் வெற்று ஊசி போட்டவர்களில் 162 பேருக்கும் நோய் வந்தது. இங்கே ‘நோய்’ என்பதற்கு ஒரு வரையறை இருந்தது: இரண்டாவது ஊசிக்கு ஏழு நாள் கழித்து, அறிகுறியோடு வந்து, பரிசோதனையில் உறுதியான கொரோனா. அறிகுறியே இல்லாமல் கிருமி தொற்றியதா, அவரிடமிருந்து அடுத்தவருக்குப் பரவியதா என்பதெல்லாம் அந்த 95-க்குள் இல்லை. பிறகு ஊசி போட்டவர்களுக்கும் தொற்று வந்தபோது ‘அப்போ 95 சதவீதம் பொய்யா?’ என்று நடந்த சண்டையில் பாதி, இந்த வரையறையைப் படிக்காததால் வந்தது.

படி 3: அளந்தது நோயாளி உணரக்கூடியதா, அல்லது லேப் ரிப்போர்ட்டில் மட்டும் தெரிவதா?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

சாவு, வலி, மூச்சுத்திணறல், நடக்க முடிவது, பக்கவாதம் போன்றவை நோயாளி வாழ்ந்து அனுபவிக்கும் விஷயங்கள். கொழுப்பின் அளவு, எலும்பின் அடர்த்தி, ஸ்கேனில் கட்டியின் அளவு, இ.சி.ஜி. கோடு போன்றவை அவற்றுக்குப் பதிலாக வைத்து அளக்கப்படுபவை. பதிலி விளைவுகள் என்று சொல்லலாம். ஆய்வாளர்கள் பதிலிகளை நாடுவதற்குக் காரணம் சுலபம். மாரடைப்பு எண்ணிக்கை குறைகிறதா என்று பார்க்கப் பல்லாயிரம் பேரைப் பல வருடம் பின்தொடர வேண்டும். கொழுப்பு குறைகிறதா என்று பார்க்க நூறு பேரும் மூன்று மாதமும் போதும்.

பதிலி ஏமாற்றிய கதைகளில் மிகவும் கசப்பானது, அமெரிக்காவில் 1980-களின் கடைசியில் நடந்த காஸ்ட் ஆய்வு. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் சிலருக்கு இதயம் இடையிடையே ஒழுங்கு தவறித் துடிக்கும். அப்படித் துடிப்பவர்கள் திடீரென்று சாவது அதிகம் என்று தெரிந்திருந்தது. அந்தத் துடிப்பை அடக்கும் மாத்திரைகளும் இருந்தன: என்கைனைடு, ஃபிளெகைனைடு. துடிப்பை அடக்கினால் சாவு குறையும் என்று மருத்துவர்கள் நம்பினார்கள், எழுதியும் கொடுத்தார்கள். காஸ்ட் ஆய்வில் முதலில் மாத்திரை கொடுத்து, யாருக்குத் துடிப்பு அடங்கியதோ அவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். அப்புறம் அவர்களைக் குலுக்கலில் பிரித்து, பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. அதாவது, மருந்து ‘வேலை செய்த’ ஆட்களிடம்தான் ஆய்வே நடந்தது. சராசரியாகப் பத்து மாதத்தில் மாத்திரை சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். இ.சி.ஜி. அழகாகத்தான் இருந்தது. 1989-இல் அந்த மருந்துகளின் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

சர்க்கரை நோயிலும் இப்படி ஒன்று நடந்தது. 10,251 பேர் பங்கேற்ற அக்கார்டு ஆய்வு அது. இதயநோய் ஆபத்து அதிகமுள்ள, வயதான டைப் 2 நோயாளிகளின் மூன்று மாத சராசரிச் சர்க்கரையை (எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை) 6 சதவீதத்துக்குக் கீழே இழுக்கத் தீவிரமாக மருந்து கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை எண் சொன்னபடி இறங்கியது. ஆனால் அந்தக் குழுவில் 257 பேர் இறந்தார்கள், வழக்கமான சிகிச்சையில் 203 பேர். 2008-இல் அந்தத் தீவிர சிகிச்சை நிறுத்தப்பட்டது. இதைப் படித்துவிட்டு யாரும் சுகர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கண்ணையும் சிறுநீரகத்தையும் காக்கிறது என்பதற்குப் போதிய சான்று உண்டு. அத்தகைய நோயாளிகளுக்கு அந்த அளவு தீவிரம் ஒத்துவரவில்லை என்பதே அந்த ஆய்வு சொன்னது.

அப்படியென்றால் பதிலி விளைவெல்லாம் குப்பையா? இல்லை. ரத்த அழுத்தம் ஒரு நல்ல பதிலி. பல வகை மருந்துகள், பல நாடுகள், பல ஆய்வுகள் என்று எங்கே பார்த்தாலும் அழுத்தம் குறைந்தபோது பக்கவாதமும் குறைந்திருக்கிறது. ஒரு பதிலியை நம்பலாமா என்று கேட்டால் பார்க்க வேண்டியது இதைத்தான்: அது மாறியபோதெல்லாம் உண்மையான விளைவும் மாறியதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றனவா? நோயோடு சேர்ந்து காணப்படுகிறது என்பது மட்டும் போதாது. காஸ்டில் வழுக்கிய இடம் அதுதான்.

ரேஷன்ஸ் இந்தப் படியில் சுலபமாகத் தேறிவிடுகிறது. எடை கூடியது, ரத்தத்தில் புரதம் கூடியது என்று நிறுத்தாமல், காசநோய் வந்ததா என்றே எண்ணினார்கள்.

படி 4: சமூக ஆய்வு என்றால், கொடுத்ததை அளந்தார்களா, மாறியதை அளந்தார்களா?

மருத்துவத்தில் பதிலி செய்யும் வேலையைச் சமூகத் திட்டங்களில் ‘எத்தனை கட்டினோம், எத்தனை பேருக்குக் கொடுத்தோம்’ என்ற கணக்கு செய்கிறது. பயனாளிகள் எண்ணிக்கை, பயிற்சி பெற்றவர்கள் எண்ணிக்கை, கட்டிய கழிப்பறைகள் எண்ணிக்கை. துறையின் ஆண்டறிக்கைக்கு இவை தேவைதான். மக்கள் வாழ்க்கையில் என்ன மாறியது என்பதை இவை சொல்லாது.

ஒடிசாவின் புரி மாவட்டத்தில் 100 கிராமங்களில் நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. பாதிக் கிராமங்களில் கழிப்பறை கட்டும் திட்டம் நடந்தது, பாதியில் இல்லை. திட்டம் நடந்த ஊர்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக ஏறின. ஒப்பீட்டுக் கிராமங்களில் 8-லிருந்து 12. இங்கேயே நிறுத்தியிருந்தால் விருது கொடுத்திருக்கலாம். ஆனால் ஆய்வாளர்கள் குழந்தைகளின் வயிற்றுப்போக்கையும் குடல் புழுவையும் வளர்ச்சியையும் அளந்தார்கள். எதிலும் மாற்றமில்லை. கட்டியவற்றில் பலவும் பயன்படுத்தும் நிலையில் இல்லை. நன்றாக இருந்தவற்றையும் வீட்டில் எல்லோரும் பயன்படுத்தவில்லை.

பள்ளிக்கூடத்திலும் இதே கதை. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நடத்தும் ஏசர் கணக்கெடுப்பின்படி 2022-இல் கிராமப்புற இந்தியாவில் 6 முதல் 14 வயதுக் குழந்தைகளில் 98.4 சதவீதம் பள்ளியில் சேர்ந்திருந்தார்கள். அதே கணக்கெடுப்பில், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 42.8 சதவீதம். ஏசரின் அளவுகோல் மிகவும் எளிமையானது. தன்னார்வலர் வீட்டுக்கே வருவார், எழுத்து, சொல், பத்தி, சிறுகதை அச்சிட்ட தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார். அவ்வளவுதான். சேர்க்கை விகிதத்தை மட்டுமே நம்பியிருந்தால் இந்தியக் கல்வியில் பிரச்சினையே இல்லை என்று தோன்றியிருக்கும்.

இடையில் ஒரு படியும் உண்டு: நடத்தை மாறுவது. உத்தரப்பிரதேசத்தில் 120 மருத்துவமனைகளில் ‘பெட்டர்பெர்த்’ என்ற ஆய்வு நடந்தது. பிரசவத்தின்போது செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிட்ட தாளும், அதைப் பின்பற்ற வைக்கப் பயிற்சியாளரும் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் திட்டம் நடந்த இடங்களில் 73 சதவீதச் செயல்கள் முறையாக நடந்தன, மற்ற இடங்களில் 42 சதவீதம். பெரிய வித்தியாசம். ஆனால் தாய் சேய் இறப்பையும் தாய்க்கு வரும் கடும் சிக்கல்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பக்கம் 15.1 சதவீதம், மறுபக்கம் 15.3. தோல்வி என்று ஒதுக்கிவிட முடியாத ஆய்வு இது. நல்ல பழக்கம் மட்டும் போதாது, சிக்கல் வரும்போது ரத்தமும் மருத்துவரும் அறுவை அரங்கும் வேண்டும் என்று யோசிக்க வைத்ததே கடைசிவரை போய் அளந்ததால்தான்.

படி 5: யார் அளந்தார்கள், எப்படிக் கேட்டார்கள்?

சாவைத் தவிர வேறு எதை அளந்தாலும் அளப்பவரின் கையும் அளக்கப்படுபவரின் மனமும் அதில் கலக்கும். அதனால் மூன்று கேள்விகள்.

முதலாவது, தனக்கு எது கொடுக்கப்பட்டது என்று நோயாளிக்குத் தெரியுமா? அறுவை சிகிச்சை, ஊசி, ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைப்பில் வைக்கும் சிறு குழல்) போன்றவற்றில் ‘எனக்கு ஏதோ பெரிதாகச் செய்துவிட்டார்கள்’ என்ற நம்பிக்கையே பாதி வலியைக் குறைத்துவிடும். 2017-இல் இங்கிலாந்தில் நடந்த ஆர்பிட்டா ஆய்வு இதைச் சோதித்தது. நெஞ்சுவலி உள்ள 200 நோயாளிகளில் பாதிப் பேருக்கு நிஜமாகவே ஸ்டென்ட் வைத்தார்கள். மற்றவர்களுக்கு மயக்கம் கொடுத்து, குழாயையும் செலுத்தி, ஸ்டென்ட் மட்டும் வைக்காமல் விட்டார்கள். நோயாளிக்கும் தெரியாது, பிறகு பரிசோதித்தவருக்கும் தெரியாது. ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் நடக்க வைத்தார்கள். ஸ்டென்ட் குழு கூடுதலாக நடந்தது சராசரியாக 16.6 விநாடி. தற்செயலாகவே வரக்கூடிய அளவு அது. இது மாரடைப்போடு அவசரமாக வந்தவர்களைப் பற்றிய ஆய்வு இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். அவர்களுக்கு ஸ்டென்ட் உயிர் காக்கும்.

உணவுப் பையை மறைக்க முடியாது. அதனால் ரேஷன்ஸில் யாருக்கு அரிசி கிடைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். இப்படிப்பட்ட ஆய்வில் நான் தேடுவது, ஆள் நினைப்பால் மாறாத அளவீடு ஏதாவது இருக்கிறதா என்பதை. இருக்கிறது. எல்லா வகைக் காசநோயையும் சேர்த்தால் குறைவு 39 சதவீதம். கிருமி இருப்பது பரிசோதனையில் உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். மருத்துவரின் ஊகத்துக்கு இடமில்லாத அளவீட்டில் பலன் சுருங்காமல் இருப்பது எனக்கு நம்பிக்கை தருகிறது.

இரண்டாவது, கேள்வித்தாள் என்றால் அது எந்தக் கேள்வித்தாள்? மனச்சோர்வை அளக்க உலகம் முழுவதும் பயன்படும் பி.எச்.கியூ-9-இல் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் அப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பொதுவாக 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டியது என்பார்கள். ஆய்வில் ‘மனச்சோர்வு கணிசமாகக் குறைந்தது’ என்றிருந்தால் எத்தனை மதிப்பெண் என்று தேடுங்கள். ஒரு மதிப்பெண் குறைந்திருந்தால், ஆயிரக்கணக்கானோரிடம் அளந்ததால் புள்ளியியலில் அது ‘கணிசம்’ ஆகியிருக்கலாம். ஆனால் அந்த மனிதருக்கு எதுவும் மாறியிருக்காது. ஐந்து மதிப்பெண் குறைந்தால் அவருக்கே வித்தியாசம் தெரியும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தக் கேள்வித்தாளை ஆய்வு நடந்த மொழியில், அந்த மக்களிடம் முன்பே சோதித்துப் பார்த்தார்களா என்பதையும் கவனியுங்கள்.

மூன்றாவது, எத்தனை நாள் பின்னோக்கி நினைவுபடுத்தச் சொன்னார்கள்? இது அற்பமாகத் தோன்றும். ஆனால் இந்தியாவின் வறுமைக் கணக்கையே ஆட்டிய விஷயம் இது. அரசின் தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு வீடு வீடாகச் சென்று செலவு கேட்டுவந்தது. உணவுச் செலவுக்கு அப்போது வழக்கமாக 30 நாள் கணக்கு. 1999-2000-இன் 55-வது சுற்றில் ஒரே வீட்டில் 7 நாள் கணக்கையும் 30 நாள் கணக்கையும் அடுத்தடுத்துக் கேட்டார்கள். இப்படிக் கேட்டால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? ஒன்றைச் சொன்ன பிறகு மற்றதை அதற்கு ஒத்துவரும்படி சொல்வார்கள். 7 நாள் கேட்டால் செலவு கூடுதலாகப் பதிவாகும் என்பது முந்தைய சோதனைச் சுற்றுகளிலேயே தெரிந்திருந்தது. அந்தச் சுற்றின்படி வறுமை 36 சதவீதத்திலிருந்து 26 சதவீதமாகக் குறைந்தது. அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கேள்வி கேட்ட விதம் என்று பொருளாதார அறிஞர்கள் வருடக்கணக்கில் விவாதித்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டன் அவர்களில் ஒருவர்.

படி 6: பல விளைவுகளை ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தால் அவிழ்த்துப் பாருங்கள்

இதய ஆய்வுகளில் ‘இறப்பு, மாரடைப்பு, மீண்டும் மருத்துவமனையில் சேர்வது ஆகியவற்றின் மொத்தம் 20 சதவீதம் குறைந்தது’ என்பது போன்ற வரி சகஜம். தனித்தனியாக எண்ணினால் எண்ணிக்கை குறைவாக இருக்கும் என்பதால் சேர்க்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் கட்டுரையின் அட்டவணையைத் திறந்து, குறைந்தது எது என்று பாருங்கள். மருத்துவமனையில் சேர்வது மட்டும் குறைந்து, இறப்பு அப்படியே இருக்கலாம். மருத்துவமனையில் சேர்ப்பதா வேண்டாமா என்பது மருத்துவர் எடுக்கும் முடிவு என்பதால் அது படி 5-இல் சொன்ன பிரச்சினைக்கும் ஆளாகும்.

படி 7: எப்போது அளந்தார்கள், யார் காணாமல் போனார்கள்?

எடைக் குறைப்பு ஆய்வு மூன்று மாதத்தில் முடிந்தால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. போன எடை திரும்பி வர அதற்கு மேல் ஆகும்.

காணாமல் போனவர்கள் இதைவிடச் சிக்கல். குடிப்பழக்கத்துக்கான சிகிச்சையில் சேர்ந்த நூறு பேரில் அறுபது பேரை மட்டும் கடைசியில் பார்க்க முடிந்தால், வராத நாற்பது பேர் யார் என்று யோசியுங்கள். ஊர் ஊராக வேலை தேடிப் போகும் குடும்பங்களைப் பற்றிய ஆய்விலும் அப்படித்தான், மிகவும் நொடித்துப்போனவர்கள்தான் முதலில் கிளம்பியிருப்பார்கள். ரேஷன்ஸில் உணவு பெற்ற குழுவில் 94.8 சதவீதம் பேரையும், பெறாத குழுவில் 90.7 சதவீதம் பேரையும் கடைசிவரை பார்க்க முடிந்திருக்கிறது. இடையில் கொரோனா ஊரடங்கு வந்த காலத்தில், ஜார்க்கண்ட் கிராமங்களில், இது மிக நல்ல எண். இரு பக்கத்துக்கும் உள்ள சிறு இடைவெளியை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

படி 8: இப்போது அந்த 40-க்கு வருவோம்

இங்கே ஒரு பேனா தேவை. ரேஷன்ஸில் வீட்டாருக்கு உணவு கொடுக்காத குழுவில் 4,724 பேரில் 122 பேருக்குக் காசநோய் வந்தது, அதாவது 2.6 சதவீதம். கொடுத்த குழுவில் 5,621 பேரில் 96 பேருக்கு, அதாவது 1.7 சதவீதம். ஒன்றை மற்றதால் வகுத்தால் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று வரும். ஒவ்வொருவரையும் எவ்வளவு காலம் பின்தொடர்ந்தார்கள், ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒன்றுபோல் இருப்பார்கள் என்பது போன்றவற்றுக்காகச் சரிசெய்த பிறகு ஆய்வாளர்கள் சொன்னது 39 சதவீதம். இது ஒப்பீட்டுக் குறைவு.

கழித்துப் பார்த்தால்? 2.6-இல் 1.7 போக 0.9. நூறு பேரில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு. நூறை 0.9 ஆல் வகுத்தால் 111. அதாவது 111 பேருக்கு, சுமார் 30 வீடுகளுக்கு, ஆறு மாதம் அரிசி பருப்பு கொடுத்தால் ஒரு காசநோயைத் தடுக்கலாம்.

‘40 சதவீதம்’, ‘111 பேரில் ஒருவர்’ இரண்டும் ஒரே உண்மைதான். முதலாவது தலைப்புச் செய்திக்கு உதவும். இரண்டாவது பட்ஜெட் போடுகிறவருக்கு உதவும். எந்த ஆய்வைப் படித்தாலும் இந்தக் கழித்தல் கணக்கைப் போடாமல் விடாதீர்கள். ஆயிரத்தில் இரண்டு பேருக்கு வரும் நோய் ஒருவராகக் குறைந்தாலும் ‘50 சதவீதம் குறைவு’தான், பாதிப் பேருக்கு வரும் நோய் கால்வாசியாகக் குறைந்தாலும் ‘50 சதவீதம் குறைவு’தான். என் கணக்கில் 111 மோசமான எண் இல்லை. கொடுப்பது பக்கவிளைவுள்ள மருந்து இல்லை, சோறு. பட்டினியைப் போக்கிய பலன் அந்த 111 பேருக்கும் உண்டு, நோய் தடுக்கப்பட்ட ஒருவருக்கு மட்டும் இல்லை.

எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கும். 39 சதவீதம் என்பதற்கு உண்மையான மதிப்பு 15-லிருந்து 57 சதவீதம்வரை எங்கேயும் இருக்கலாம் என்கிறது கட்டுரை. இந்த எல்லையின் கீழ்முனையே உண்மையாக இருந்தாலும் செய்யத் தகுந்ததா என்று கேட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

படி 9: முன்பே சொன்னதைத்தான் அளந்தார்களா?

அம்பை எய்துவிட்டுப் பிறகு அது பட்ட இடத்தைச் சுற்றி வட்டம் போடுவது போல, இருபது விஷயங்களை அளந்து எது நன்றாக வந்ததோ அதையே முதன்மை விளைவு என்று எழுதிவிட முடியும். இதைத் தடுக்கத்தான், எதை அளக்கப் போகிறோம் என்று ஆய்வாளர்கள் முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவேடுகள். அமெரிக்காவில் 2000-இல் ஒன்று தொடங்கியது. இந்தியாவில் 2007 ஜூலையில் சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேட்டை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் மருந்து ஆய்வுகளுக்குப் பதிவு கட்டாயமானது. பொருளாதார, சமூகப் பரிசோதனைகளுக்கு அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் பதிவேடு 2013-இலிருந்து இருக்கிறது.

பதிவு செய்தால் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்களுக்கு 2015-இல் வெளியான ஒரு கணக்கு. அமெரிக்க அரசின் இதய, நுரையீரல் நிறுவனம் நிதி கொடுத்த பெரிய ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். 2000-க்கு முன் வெளியான 30 ஆய்வுகளில் 17 ‘பலன் உண்டு’ என்றன. 2000-க்குப் பின் வெளியான 25-இல் இரண்டே இரண்டு. வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனால் முதன்மை விளைவை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டிவந்தது பெரிய காரணம் என்று அதை எழுதியவர்கள் கருதினார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

பார்ப்பது எப்படி? கட்டுரைச் சுருக்கத்தின் கடைசியில் பதிவு எண் இருக்கும். இந்திய ஆய்வு என்றால் பெரும்பாலும் சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கி, வருடம், மாதம், எண் என்று போகும். அதை சி.டி.ஆர்.ஐ. தளத்தின் தேடல் பக்கத்தில் போடுங்கள். திறக்கும் பக்கத்தில் முதலில் பதிவு செய்த தேதியையும், முதல் நோயாளியைச் சேர்த்த தேதியையும் ஒப்பிடுங்கள். ஆய்வு தொடங்கும் முன்பே பதிந்ததா, பிறகு பதிந்ததா என்று அந்தப் பக்கமே சொல்லும். 2018 ஏப்ரல் முதல் முன்கூட்டிய பதிவுகளை மட்டுமே ஏற்கிறார்கள், பழைய ஆய்வுகளில்தான் பின்பதிவு இருக்கும். அப்புறம் கீழே இறங்கி முதன்மை விளைவு, அதை அளக்கும் காலம் என்ற இரண்டு கட்டங்களைப் பாருங்கள். கட்டுரையில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும்.

ஒத்துப்போகவில்லை என்றால் உடனே மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். கொரோனா காலத்தில் பல ஆய்வுகள் நேர்மையான காரணத்துக்காகவே அளவீட்டையும் காலத்தையும் மாற்றின. மாற்றியதைக் கட்டுரையில் வெளிப்படையாகச் சொல்லி, ஏன் என்றும் எழுதியிருந்தால் தொடர்ந்து படியுங்கள். சொல்லாமல் மாற்றியிருந்தால், பதிவேட்டில் இருக்கும் பழைய முதன்மை விளைவுக்கு என்ன முடிவு வந்தது என்று கட்டுரையின் துணை விளைவுகள் அட்டவணையில் தேடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஒரு மூலையில் இருக்கும். அந்த வரியை வைத்தே ஆய்வை எடைபோடுங்கள்.